கீட்டோவா, காலர்ப்பாவா? சம்ப் பாசி பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

உப்புத்தண்ணீர் தொட்டிக்குக் கீழே, தண்ணீரைச் சுத்தம் செய்ய வைக்கும் துணைத் தொட்டியான சம்ப்பில் ஓர் அறையை ஒதுக்கி, அதற்கு ஒரு விளக்கு மாட்டிப் பாசி வளர்ப்பதுதான் ரெஃப்யூஜியம். மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட், பாஸ்பேட்டைப் பாசி தின்று வளரும். மேலே பவளங்கள் நிம்மதியாக இருக்கும். சென்னையில் பல வருடங்களாக இந்தத் தொட்டியோடு மல்லுக்கட்டி வருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கோவையிலிருந்து: அண்ணா, கீட்டோ என்று சொல்லி ஒரு பை பாசி கொடுத்தார்கள். உள்ளே இலை மாதிரியும் ஏதோ இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

தொட்டித் தண்ணீரை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி, அதில் பாசியைப் பரப்புங்கள். கீட்டோ என்பது கீட்டோமார்ஃபா. அது சிக்கலாகிப்போன தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும். இழை எங்கேயும் கிளை பிரியாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மூங்கில் கணு போல ஒரே வரிசையில் செல்கள் தெரியும். தண்ணீரிலிருந்து தூக்கினாலும் விறைப்பாக, உருவம் மாறாமல் நிற்கும். தூக்கியதும் தலைமுடி போலத் தொங்கி வழுக்கினால் அது வேண்டாத முடிப்பாசி.

நீங்கள் சொல்லும் இலை பெரும்பாலும் காலர்ப்பாவாக இருக்கும். இலையைப் பார்க்காதீர்கள், தண்டைப் பாருங்கள். அருகம்புல் ஓடுவது போல ஒரு கொடி படுத்து ஓடும். மேலே இலை, கீழே வேர் மாதிரி நார். காலர்ப்பாவிலும் வகைகள் உண்டு: திராட்சைக் கொத்து போல இருந்தால் ராசிமோசா, வழவழவென்ற பட்டை இலை என்றால் புரோலிஃபெரா, இறகு மாதிரி என்றால் டாக்சிஃபோலியாவோ அதன் சொந்தக்காரர்களோ. ஒரு சின்னத் துண்டு போதும், அது முழுச் செடியாகிவிடும். ஆகவே கீட்டோவோடு கலக்க விடாமல் பொறுமையாக இழை இழையாகப் பிரித்து எடுங்கள்.

திருச்சியிலிருந்து: காலர்ப்பா வேகமாக வளர்கிறது, நைட்ரேட்டும் இறங்குகிறது. ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள்?

பட்டவன் சொல்கிறேன். காலர்ப்பா எவ்வளவு நீளம் ஓடினாலும் உள்ளே தடுப்புச் சுவரே இல்லாத ஒற்றைச் செல். இனப்பெருக்கம் செய்ய முடிவெடுத்துவிட்டால் உள்ளே இருப்பதை மொத்தமாகத் தண்ணீரில் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். ஒரு மே மாதம் மின்வெட்டில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்று, தண்ணீர் 31 டிகிரிக்கு ஏறியது. மாலையில் இலை நுனிகள் வெளுத்திருந்ததைக் கவனித்தேன், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் தொட்டி முழுக்கப் பச்சைப் பால். பாசி நனைந்த டிஷ்யூ தாளாகக் கிடந்தது, மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் அது உறிஞ்சிய சத்து ஒரே ராத்திரியில் திரும்பி வந்துவிட்டது.

நுனி வெளுத்தால் அன்றைக்கே அந்தப் பகுதியை அள்ளி எறியுங்கள். தண்ணீர் கலங்கிவிட்டால் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரைக் கூட்டி, வடிகட்டும் கார்பன் போட்டு, தண்ணீர் மாற்றுங்கள். 24 மணி நேரமும் விளக்கு எரிந்தால் இப்படி ஆவது குறையும் என்பார்கள். கரண்ட் பில்லையும் யோசியுங்கள்.

இன்னொன்று. டாக்சிஃபோலியா 1984இல் மொனாக்கோ கடலோரத்தில் தென்பட்டு, மத்தியதரைக் கடலில் பரவியது. கலிஃபோர்னியாவில் 2000இல் ஒரு கழிமுகத்தில் கண்டுபிடித்து, தார்ப்பாயால் மூடிக் குளோரின் விட்டு அழித்தார்கள். ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆனது. தொட்டிப் பாசி கடலுக்குப் போனால் இதுதான் கதை.

ராமநாதபுரத்திலிருந்து: கடல் பக்கத்திலேயே இருக்கிறேன் சார். அங்கிருந்து பாசி எடுத்துப் போடலாமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே கை வைக்காதீர்கள். உயிர்ப்பாறை, அதாவது உயிரினங்கள் ஒட்டி வாழும் பவளப் பாறைத் துண்டு, எடுக்கும் எண்ணமும் வேண்டாம். பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய பாசி பாதி செத்தது, தொட்டியில் அழுகும். உங்கள் ஊரில் கஞ்சிப்பாசி என்பார்களே, அது கிராசிலேரியா. பாசி மேயும் டேங் வகை மீன்கள் ஆசையாகத் தின்னும். ஆனாலும் தொட்டியில் வளர்த்தவரிடம் ஒரு கைப்பிடி வாங்குவதே நல்லது. மண்டபம் பக்கம் வளர்க்கக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மதுரையிலிருந்து: கீட்டோ வெளுத்து நொறுங்குகிறது. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0.15. பாஸ்பேட்டை இறக்க இன்னும் விளக்கைக் கூட்டவா?

வேண்டாம், அது பசியில் இருக்கிறது. கடற்பாசி ஒரு பங்கு பாஸ்பரசுக்குச் சுமார் 30 பங்கு நைட்ரஜன் எடுக்கும், அணுக் கணக்கில். நைட்ரஜன் முதலில் தீர்ந்துபோனால் பாஸ்பேட் அப்படியே நிற்கும். சோறு இல்லாமல் குழம்பை மட்டும் எவ்வளவு குடிக்க முடியும்? மீன்களுக்குத் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது நைட்ரேட் கரைசல் சொட்டுங்கள். நைட்ரேட் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) பக்கம் நின்றால் போதும். விளக்கு நேரத்தைக் குறையுங்கள். அப்புறமும் வெளுப்பு போகவில்லை என்றால் இரும்புச்சத்தைப் பாருங்கள். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யத்தில் வைப்பது சாதனை இல்லை; டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர்) வந்து உட்கார்ந்துகொள்ளும்.

புதுச்சேரியிலிருந்து: விளக்கு எப்போது எரிய வேண்டும்?

மேல் தொட்டியின் விளக்கு அணைந்த பிறகு. இரவில் பவளமும் மீனும் விடும் கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொள்ளும், பிஹெச் அதிகம் இறங்காது.

சேலத்திலிருந்து: பாறையில் பச்சைக் கண்ணாடிக் குமிழ்கள். இதையும் சம்ப்பில் வளர்க்கலாமா?

அது வலோனியா. வேண்டவே வேண்டாம். பாறையை வெளியே எடுத்து, அடியோடு நெம்பி எடுங்கள். எமரால்டு நண்டு சிலது தின்னும், சிலது திரும்பிக்கூடப் பார்க்காது.

சென்னையிலிருந்து: பாசி அறை நிறைந்துவிட்டது. பார்க்க அழகாக இருக்கிறது, வெட்ட மனசு வரவில்லை.

வெட்டினால்தான் சத்து தொட்டியை விட்டு வெளியே போகும். நிறைந்துபோனால் நடுவில் வெளிச்சம் படாமல் உள்ளேயே அழுகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை எடுங்கள். எடுத்ததைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் நாலு முறை நன்றாக அலசுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் கோபிபாடுகள் என்னும் குட்டிக் குட்டி ஓட்டுடலிகள் உதிரும். அந்தத் தண்ணீரைத் திரும்ப ஊற்றிவிடலாம். பாசியை மட்டும் சாக்கடையிலோ கடலிலோ போடாமல், மொட்டைமாடியில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். முதல் நாள் நாறும், பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.