அப்பிள் கட்டாவிட்டால் வேலிக்கரைப் பப்பாசி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பிள்ளைகள் இரண்டு பேரும் காலையில் புட்டையோ இடியப்பத்தையோ தொடமாட்டார்கள். யூடியூப்பில் பார்த்து ஸ்மூதி அடித்துக் கொடுக்கிறேன். அதில் சொல்கிற அப்பிள், ஸ்ட்ரோபெரி, பாதாம்பால் எல்லாம் எங்களுக்குக் கட்டாது. ஒருநாள் பப்பாசியும் பாலும் அடித்துப் போத்தலில் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். கசக்குது என்று அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்கள். பழுதான பழத்தை விற்றுவிட்டார்களா? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள், பழத்தில் பிழையில்லை. பப்பாசியில் பப்பேன் என்றொரு நொதியம் இருக்கிறது. அது பாலிலுள்ள புரதத்தை உடைக்கும்போது கசப்பு வரும். அடித்த கையோடு குடித்தால் தெரியாது. பள்ளிக்கூட இடைவேளை மட்டும் போத்தலில் கிடந்தால் வாயில் வைக்க முடியாது. அன்னாசிக்கும் இதே குணம்தான். போத்தலில் கொடுப்பதென்றால் பாலை விட்டுவிட்டுப் பப்பாசிக்குக் கொஞ்சம் தேசிக்காய்ப்புளி விடுங்கள். பாலோடு சேர்க்க மாம்பழமும் வாழைப்பழமும் நல்லவை.

அப்பிள் கப்பலேறி வருகிற பழம். அதற்குக் கொடுக்கிற காசில் கதலி ஒரு சீப்பு வரும். கதலி நல்லாய்க் கனிந்து தோலில் கறுப்புப் புள்ளி விழுந்தபிறகு அடித்தால் சீனியே தேவைப்படாது. அந்தப் பதத்துப் பழத்தைக் கடைக்காரர் விலை குறைத்துத் தருவதும் உண்டு, கேட்டுப் பாருங்கள். வயிறு நிரம்பவேண்டுமென்றால் இரண்டு கரண்டி தயிரோ கொஞ்சம் குரக்கனோ சேர்க்கலாம். குரக்கன் மாவைப் பச்சையாகக் கொட்டவேண்டாம்; முதல்நாள் இரவே தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி ஆறவிடுங்கள். அடித்ததை வடிக்கவும் வேண்டாம். நார்ச்சத்து வடியிலேயே தங்கிவிட்டால் மிஞ்சுவது இனிப்புத் தண்ணீர்தான்.

பாலைப்பழக் காலத்தில் ஏ9 றோட்டோரம் பேணிக் கணக்கில் விற்பார்கள். வாங்கமுன் அடியிலுள்ள பழத்தைக் கிளறி மணந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் நேற்றையது. நல்ல பாலைப்பழத்தையும் அப்படியே கிறைண்டரில் போட்டால் பால் பிசின் கத்தியில் ஒட்டிக்கொள்ளும், கொட்டையும் அரைபடும். கையால் பிசைந்து வடியில் தேய்த்து, சதையை மட்டும் தயிரோடு அடியுங்கள். உண்மையைச் சொன்னால் பாலைப்பழத்தை உதடு ஒட்ட ஒட்ட அப்படியே சாப்பிடுவதுதான் எனக்குப் பிடிக்கும். ஒன்று மட்டும்: கொப்போடு முறித்துக் கொண்டுவந்து விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். மெல்ல வளர்கிற மரம் அது.

கேள்வி: மாம்பழம் மஞ்சளாய்ப் பளபளவென்று இருக்கிறது. வெட்டினால் உள்ளே புளிக்கிறது. கல் வைத்துப் பழுக்க வைத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: கண்ணை நம்பாமல் மூக்கை நம்புங்கள். காம்படியில் மணக்கவேண்டும். நீங்கள் கல் என்கிற கல்சியம் காபைட் ஈரம் பட்டதும் அசற்றிலீன் வாயுவை விடும். அது தோலை மஞ்சளாக்கும். ஆனால் முற்றாத காய்க்கு உள்ளே இனிப்பைக் கொண்டுவர அதனால் முடியாது. அந்தக் கல்லில் ஆர்சனிக்கும் பொஸ்பரசும் கலந்திருக்கக்கூடும் என்பதால்தான் அது ஆபத்து. எல்லாப் பழமும் ஒரே மஞ்சளாய், காம்படியில் மணமில்லாமல், கொட்டைப் பக்கம் கடினமாக இருந்தால் அந்தக் கடையை விடுங்கள். கறுத்தக்கொழும்பான் பழுத்தாலும் தோலில் பச்சை நிற்கிற இனம், அதைப் பார்த்துக் காய் என்று தள்ளிவிடாதீர்கள். முற்றின காயாக வாங்கி வைக்கோலில் பொத்தி வைத்தால் சில நாளில் தானாகப் பழுக்கும். நிச்சயமாகக் கல்தான் என்று தோன்றினால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பழத்தோடு போய்ச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முதல் ஒரு கடையில் பிளெண்டர் வாங்கினேன். ஒரு வருட உத்தரவாதம் என்றார்கள். போன கிழமை மாம்பழமும் ஐசும் அடிக்கும்போது புகைந்து நின்றுவிட்டது. கடையில் ‘கறண்ட் கூடக்குறைய வந்திருக்கும், விற்ற பொருள் திருப்பி எடுக்கமாட்டோம்’ என்று பலகையைக் காட்டுகிறார்கள். (வாசகர், வவுனியா)

பதில்: பலகையில் என்ன எழுதியிருந்தாலும் கொடுத்த உத்தரவாதம் உத்தரவாதம்தான். பற்றுச்சீட்டும் கடை முத்திரையும் திகதியும் உள்ள உத்தரவாத அட்டையும் இருக்கிறதா? அவைதான் உங்கள் ஆயுதம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி முறைப்பாட்டை அந்த அதிகார சபைக்கு எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது, அதனால் இந்தக் கிழமையே எழுதுங்கள். முதலில் கடைக்கு ஒரு கடிதம், அதன் பிரதி உங்கள் கையில். மசியாவிட்டால் அதிகார சபைக்கு. எங்கே கொடுப்பது என்று 1977க்கு அழைத்துக் கேட்கலாம், கச்சேரியிலும் விசாரிக்கலாம்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கவேண்டாம். தண்ணீரோ பாலோ விடாமல் ஐசை மட்டும் போட்டு நிற்காமல் ஓட்டினீர்களா? சின்ன மோட்டர் அதைத் தாங்காது. எவ்வளவு நேரம் ஓட்டலாம், ஐஸ் போடலாமா என்று கூடவந்த கையேட்டில் இருக்கும். கடைக்காரர் முதலில் அதைத்தான் புரட்டுவார். அவருக்கு முதல் நீங்கள் புரட்டிப் பார்த்துவிட்டுக் கடிதத்தை எழுதுங்கள்.