தோல் உறைல வச்ச கத்தில துருவும் பச்சையும்
தாத்தாவோட வேட்டைக்கத்திய ரெண்டு வருஷம் உறைலயே வச்சிருந்து, இப்ப பிளேடுல துருப்புள்ளி, பித்தளைல பச்சையா பிசுபிசுன்னு இருக்குன்னு கேட்டிருந்தீங்க. பயப்படாதீங்க, காப்பாத்திடலாம். தோல் ஈரத்த உறிஞ்சி பிளேடு மேலயே புடிச்சு வச்சுக்கும், பதனிட்ட அமிலம் வேற அதுல இருக்கும், சீக்கிரம் துருப்பிடிக்கிற கார்பன் ஸ்டீல் பிளேடு அத தாங்காது. பச்சை, பித்தளைல இருக்க செம்பு தோலோட எண்ணெய்ல சேர்ந்து வர்றது, பழைய டூத் பிரஷ்ல தேச்சா வந்துரும். துருவுக்கு எண்ணெய் விட்டு 0000 ஸ்டீல் உல்லால (ரொம்ப மெல்லிசான இரும்பு நார்) நீளவாக்குல மெதுவா தேய்ங்க, சாண்ட்பேப்பர் மட்டும் தயவுசெஞ்சு வேணாம், பிளேடோட சாம்பல் நிறமும் போயிரும், அது தாத்தா கையில வருஷக்கணக்கா புழங்கி வந்தது. அப்புறம் மினரல் ஆயில் மெல்லிசா தடவி உறைக்கு வெளிய வைங்க. உறைய எண்ணெய்ல ஊற வச்சிராதீங்க, தளர்ந்துட்டா கத்தி ஆடும், முனை தையல கிழிச்சிட்டு வெளிய வந்துரும்.