பிள்ளை பேசவில்லை என்று தமிழை நிறுத்தாதீர்கள், தம்பி

இந்த நாட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, வீடு பிடிப்பது, வங்கிக் கணக்கு, குளிர் உடுப்பு, டே கேர் எல்லாவற்றுக்கும் வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: பையனுக்கு ஒன்றே முக்கால் வயது, இன்னும் சரியாகப் பேசவில்லை, வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்கிறார்கள், தமிழை நிறுத்திவிடலாமா?

வீடும் வங்கியும் அலைந்தால் அமைந்துவிடும். உடுப்பைப் பையனுக்கு ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். மற்றதை வேறு யாராவது விவரமாகச் சொல்வார்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன், நாலு மாதம். பதினோரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் அந்த நாலு மாதத்தை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

நாங்கள் வந்து இறங்கியபோது மகளுக்கு 1 வயது 10 மாதம். அதுவரை கைமாறி கைமாறி வளர்ந்த பிள்ளை. தாத்தா, பாட்டி, அத்தை, சித்தி என்று எப்போதும் யாராவது அவளோடு பேசிக்கொண்டே இருப்பார்கள். இங்கே ஒரே அறை. அவர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். நானும் அவளும் சன்னலும். முதல் வாரம் முழுக்க அவள் கதவருகே போய் நின்று, யாரோ வரப்போகிறார்கள் என்பது போலத் திரும்பித் திரும்பி என்னைப் பார்ப்பாள்.

அப்போது எங்களுக்கு முன்னால் வந்து வேரூன்றிய ஒரு தமிழ்க் குடும்பம் அறிவுரை சொன்னது. "ரெண்டு மொழியப் போட்டுக் குழப்பாதீங்க, பிள்ளை திக்கும்." டே கேரில் ஒரு பெண்ணும் அதையே சொன்னார். படித்தவர்கள், அனுபவசாலிகள், நேற்று வந்த எனக்கு என்ன தெரியும் என்று தலையாட்டிவிட்டேன்.

மறுநாளிலிருந்து என் இங்கிலீஷ் ஆரம்பம். கம். சிட். நோ. ஈட். டோன்ட் டச். ஆபீசில் மெயில் எழுதுகிற இங்கிலீஷ் எனக்குத் தெரியும்; குழந்தையைக் கொஞ்சுகிற இங்கிலீஷ் தெரியாது. தமிழில் அவளை ராசாத்தி, கழுதை, குட்டிப்பிசாசு என்று இருபது பெயர் வைத்துக் கூப்பிட்டவள், இங்கிலீஷில் அவளை அதட்ட மட்டும்தான் செய்தேன். அவளிடம் முன்பு இருந்த சொற்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

இருந்த சொல் போகிறது என்றதும் பயந்து டாக்டரிடம் ஓடினேன். அது மட்டும் நான் உருப்படியாகச் செய்தது. காது கேட்கிறதா என்று முதலில் பார்த்தார்கள். பிறகு பேச்சுப் பயிற்சி தரும் ஒரு அம்மா என்னை உட்காரவைத்து, "உங்கள் மொழியில் எத்தனை சொல் சொல்லுவாள்?" என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. தமிழும் இங்கிலீஷும் கூட்டினால் 31 வந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும், ஒரு மொழியை மட்டும் எண்ணினால் பாதிப் பிள்ளையைத்தான் பார்க்கிறீர்கள் என்றார். வீட்டில் தமிழையே பேசுங்கள், உங்களுக்குச் சரளமாக வருவது எதுவோ அதில்தான் பிள்ளைக்குத் தீனி என்றும் சொன்னார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று அவளிடம், "ஏய் கழுதை, பஸ் வருது பாரு" என்றேன். நாலு மாதம் கழித்து. அவள் பஸ்ஸைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்தாள்.

இரண்டு மொழி கேட்டால் பேச்சு தாமதமாகும் என்பது பழைய கதை. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதும் குழப்பம் இல்லை, கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இதைச் சாக்காக வைத்துச் சும்மா இருந்துவிடவும் கூடாது, தம்பி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் இருப்பது, வந்த சொல் மறைவது, இரண்டு வயது தாண்டியும் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேராமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். மொழியின் தலையில் பழியைப் போட்டுவிட்டுக் காதைச் சோதிக்காமல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்று இருவர் கனடாவில் குழந்தைகளைச் சோதித்து எழுதினார்கள். இந்தியில் நம் த, ட போல இரண்டு ஒலி உண்டு அல்லவா, அதை இங்கிலீஷ் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் பிரித்துக் கேட்கின்றன. ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறமை மங்கிவிடுகிறது. வீட்டில் கேட்காததைக் காது கழித்துவிடுகிறது. உங்கள் பையன் காதில் அது இன்னும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, பத்து வயதில் வாரக் கடைசித் தமிழ் வகுப்புக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போய் ழகரம் வரவில்லை என்று திட்டுகிறார்களே, அவர்களை என்ன சொல்ல! எனக்கு அறிவுரை சொன்ன குடும்பமும் இன்று அந்த வரிசையில்தான் நிற்கிறது. நான் ஒன்றும் சொல்லிக் காட்டுவதில்லை. சிரிப்பதோடு சரி.

டே கேர் பற்றிக் கேட்டீர்கள். எது நல்லது என்று எனக்குத் தெரியாது, நீங்களே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஆனால் சேர்த்த பிறகு "உங்கள் பிள்ளை ரொம்ப அமைதி" என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். புது மொழிக்குள் போடப்பட்ட பிள்ளை மாதக்கணக்கில்கூட வாயைத் திறக்காமல் கவனித்துக்கொண்டே இருக்கலாம். என் மகளும் அப்படித்தான். உள்ளே பொம்மை, கேட்டைத் தாண்டியதும் வீடு வரைக்கும் ஒப்பாரியும் ஆர்ப்பாட்டமும். ஒருநாள் ஷூ மாட்டும் இடத்தில் அவள் என்னிடம் பொரிந்து தள்ளியதை அந்த ஆசிரியை கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "இவளா?" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஒரு அட்டையில் 12 சொல் எழுதிக் கொடுத்தேன். ன்னி என்றால் தண்ணீர். மூச்சா. தூக்கு. வலிக்குது. போதும். அம்மா வருவா. எல்லாம் அவர்கள் எழுத்தில், பக்கத்தில் பொருள். அந்த ஆசிரியை "தூக்கு" என்பதை "துக்கு, துக்கு" என்று சொல்லிக் கையை நீட்டியபோது இவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். அந்த இடத்தில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. வந்து இறங்கியபோது வாய் திறக்கவே கூசிய நான், அந்த அட்டையை நீட்டி "இதைப் படியுங்கள்" என்று சொன்னதை இன்றும் பெருமையாகத்தான் நினைக்கிறேன்.

டிவி, போன் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதை இதில் சேர்க்காதீர்கள், அங்கே பதில் பேச ஆள் இருக்கிறது.

பேச்சு திரும்பியதும் பிள்ளையே மாறியது போல இருந்தது. மாறவில்லை, உள்ளே இருந்தது வெளியே வந்தது. முதலில் வந்தது "நானே". ஜிப்பை நானே. படியை நானே. ஷூவை நானே, அதுவும் கால் மாற்றி. கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டால் இரண்டையும் உதறிவிட்டு மறுபடி மாற்றியே போடுவாள். வாசலில் இருபது நிமிடம் போகும். அந்த ஒற்றை ஏகாரத்தில் எத்தனை பிடிவாதம்! சந்திப்புகளில் யார் பிள்ளை எப்போது நடந்தது என்று போட்டி போடுவார்கள். 8 மாதத்திலும் நடக்கும், 17 மாதத்திலும் நடக்கும், இரண்டும் சரிதான். என்ன மாதிரிப் பிள்ளை என்பது இந்த வாசலில்தான் தெரியும்.

மூன்று வயதுக்குக் கொஞ்சம் முன்னால், பொம்மையை இடுக்கிக்கொண்டு அறைக்குள் போனவள் திரும்பி என்னிடம், "நாங்க விளையாடப் போறோம், நீ வராத" என்றாள். நம்ம இல்லை, நாங்க. என்னைக் கழித்துவிட்டாள்! இங்கிலீஷில் அப்படி ஒரே சொல்லில் வெளியே நிறுத்த முடியாது. கதவு சாத்தியது. வெளியே நின்று எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

டே கேருக்கு நீங்களும் அப்படி ஒரு அட்டை எழுதுங்கள். அதற்கு முதலில் உங்கள் மனைவியைக் கேளுங்கள், பையன் தண்ணீருக்கு என்ன சொல்கிறான் என்று. எங்கள் வீட்டில் இன்னும் "ன்னி"தான். பன்னிரண்டு வயதுக்காரி மாடியிலிருந்து கத்துகிறாள், "அம்மா, வரும்போது ன்னி எடுத்துட்டு வா."