சிங்கப்பூர் – நியூயார்க்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் நிற்காமல் போகும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: ஐயா, தூரம் சுமார் 15,350 கி.மீ. என்கிறார்கள். இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: நீங்களே போட்டுப் பார்க்கலாம். சாங்கி விமான நிலையம் 104 பாகை கிழக்கில், நியூயார்க்கின் கென்னடி நிலையம் 74 பாகை மேற்கில். கூட்டினால் 178. அதாவது, ஏறக்குறைய உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே போகும். துருவத்திலிருந்து சிங்கப்பூர் 88.6 பாகை, நியூயார்க் 49.4 பாகை, மொத்தம் 138. பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்குங்கள்: 15,318. பள்ளிக்கூடக் கணக்குக்கு மோசமில்லை.

கேள்வி: அப்போ விமானம் துருவத்தின் மேலேயா பறக்கிறது?

பதில்: இல்லை. போகும்போது பெரும்பாலும் ஜப்பான் பக்கமாய் ஏறி, வட பசிபிக்கைக் கடந்து போவார்கள். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்றோட்டம்தான் காரணம். குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ.க்கு மேலும் வீசும். 900 கி.மீ. வேகத்தில் போகும் விமானத்தை 150 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால், தரைக்கணக்கில் வேகம் 1,050. அதே காற்று எதிரே வந்தால் 750தான். பல நூறு கிலோமீட்டர் சுற்றினாலும் லாபம் என்பது இதனால்தான்.

திரும்பும்போது வழி அன்றைய காற்றைப் பொறுத்தது. சில நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக, மறுபடியும் கிழக்கு நோக்கியே வருவார்கள். அன்று வருபவர், தான் அறியாமலே உலகை ஒரு சுற்று சுற்றிவிட்டார்!

கேள்வி: டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம் என்று இருக்கிறது. அத்தனை நேரமும் வானிலா?

பதில்: இல்லை. நிலையத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பது வரைக்குமான கணக்கு அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் அடக்கம்.

கேள்வி: சார், நள்ளிரவில் ஏறினால் எப்போது இறங்குவேன்?

பதில்: அதே தேதி காலை 6.40க்கு! கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். குளிர்காலத்தில் 13, அப்போது 5.40. கடிகாரத்துக்கு ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. முதுகுக்குப் பதினெட்டரைக்கும் மேல்.

கேள்வி: இந்தச் சேவை முன்பு நின்றுபோனதே, ஏன்?

பதில்: எரிபொருள். 2004 முதல் 2013 வரை, பக்கத்திலுள்ள நியூவார்க்குக்கு நான்கு என்ஜின் ஏர்பஸ் ஏ340-500 பறந்தது. கட்டுப்படியாகவில்லை. 2018இல் இரண்டே என்ஜின் கொண்ட ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கான ரகம்) வந்த பிறகு மீண்டும் தொடங்கினார்கள். 2020 நவம்பரில் கென்னடிக்கும். எடை குறைய வேண்டும் என்பதால் 161 இருக்கைகள் மட்டுமே. சாதாரண எகானமி கிடையாது.

கேள்வி: அண்ணா, அம்மாவுக்கு 68 வயது, முட்டிவலி. இதில் அனுப்பலாமா?

பதில்: நானாக இருந்தால் பிராங்பர்ட்டில் நின்று போகும் விமானத்தைப் பார்ப்பேன். பயணம் கிட்டத்தட்ட ஒரு முழு நாள் ஆகும், ஆனால் நடுவில் இறங்கிக் கால் நீட்டி நடக்கலாம். எகானமியும் உண்டு. எதுவானாலும் நடைபாதை ஓர இருக்கையாகப் பாருங்கள்; ஜன்னல் வேண்டாம். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் தம்பி.