நெதர்லாந்து எதில் பலசாலி, எங்கே சறுக்குகிறது? கேள்வி பதில்

செந்தில்: 1.8 கோடி மக்கள்தான். வேளாண் ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நிற்பது எப்படி சார்?

2023இல் சுமார் 12,400 கோடி யூரோ. ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மறுஏற்றுமதி. பெரு நாட்டு அவகாடோ ராட்டர்டாமில் இறங்கி, தரம் பிரித்து, பழுக்க வைத்து ஜெர்மனிக்குப் போகிறது. கணக்கில் அதுவும் நெதர்லாந்து ஏற்றுமதிதான். இப்படிப்பட்ட சரக்கில் ஒரு யூரோவுக்கு நாட்டில் தங்குவது பத்து சென்ட் அளவே. உள்நாட்டிலேயே செய்த பொருள் என்றால் அரை யூரோவுக்கு மேல் தங்கும். மொத்தத் தொகையை மட்டும் வைத்து போட்டித்திறனை எடை போட்டால் ஏமாந்துபோவீர்கள். கோகோ வேறு மாதிரி: மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டை ஆம்ஸ்டர்டாமில் இறங்கி, பக்கத்து ஸான்டாம் ஆலைகளில் அரைபட்டு வெண்ணெயும் தூளுமாகப் பிரிகிறது. மதிப்பு கூடுவது அங்கேதான்.

கலைவாணி: ராட்டர்டாமில் சரக்கு இறக்கி ஜெர்மன் வாடிக்கையாளருக்கு அனுப்பப் போகிறோம். 'பிரிவு 23' என்கிறார்களே, அது என்ன?

இறக்குமதிக்கான மதிப்புக்கூட்டு வரியை உடனே கட்டாமல் தள்ளிப்போட விடும் அனுமதி அது. நெதர்லாந்துத் துறைமுகங்கள் வணிகர்களை இழுப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கப்பல் கட்டணமும் சேர்த்து 50,000 யூரோ மதிப்புள்ள ஆடை என்று வையுங்கள். சுங்க வரி 12% என்றால் 6,000. மொத்தம் 56,000, அதன் மேல் 21% மதிப்புக்கூட்டு வரி 11,760 யூரோ. சாதாரணமாக இதை இறக்கும்போதே கட்டி, பிறகு திரும்பப் பெற வேண்டும். அதுவரை பணம் முடங்கும். பிரிவு 23 அனுமதி இருந்தால் அந்த 11,760ஐ வரிப் படிவத்தில் ஒரு பக்கம் காட்டி, அதே படிவத்தில் கழித்துக்கொள்ளலாம். கையிலிருந்து காசு போகாது.

கவனிக்க வேண்டியவை: தள்ளிப்போவது மதிப்புக்கூட்டு வரி மட்டுமே, சுங்க வரி 6,000ஐக் கட்டித்தான் ஆகவேண்டும். அங்கே அலுவலகம் இல்லாத நிறுவனம் வரிப் பிரதிநிதி ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும். ஜெர்மனிக்கு 0% வரியில் விற்க, வாங்குபவரின் வரிப் பதிவு எண் செல்லுபடியானதா என்று விற்பதற்கு முன்பே சோதியுங்கள். சரக்கு எல்லை தாண்டியதற்கு லாரி சரக்குச்சீட்டில் வாங்குபவரின் கையெழுத்து இருக்கட்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சான்று இல்லாவிட்டால் 21% பிரதிநிதியின் தலையில் விழும். அவர் உங்களிடம் வசூலிப்பார். அதனால்தான் முன்கூட்டியே பிணைத்தொகை கேட்கிறார்கள்.

முத்துக்குமார்: ரைன் நதி வற்றினால் ராட்டர்டாம் என்ன ஆகும்?

துறைமுகத்துக்கு ஒன்றுமில்லை. அதன் மாஸ்ஃப்ளாக்டே பகுதி திறந்த கடலை ஒட்டியது, மதகு எதுவும் கிடையாது. இடிபடுவது உள்நாட்டுப் படகுப் போக்குவரத்து. ஜெர்மனியில் ரைன் கரையிலுள்ள கௌப் என்ற இடத்து நீர்மட்ட அளவுகோல்தான் எல்லோரும் பார்ப்பது. அது 40 செ.மீ காட்டினால் ஆழம் அவ்வளவுதான் என்று பொருளல்ல. படகுப் பாதையில் சுமார் ஒன்றரை மீட்டர் இருக்கும். ஆனாலும் படகு தரை தட்டாமலிருக்க முழுச் சுமையில் ஒரு பகுதியைத்தான் ஏற்ற முடியும். அதே சரக்குக்குக் கூடுதல் படகுகள், மேலே தாழ்நீர்க் கட்டணம். 2018இலும் 2022இலும் நடந்தது இதுதான். ஒப்பந்தம் போடும்போது எந்த அளவில் அந்தக் கட்டணம் தொடங்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷாலினி: 'டச்சு நோய்' இன்னும் இருக்கிறதா?

இல்லை. ஓர் இயற்கை வளத்தின் வருவாய் மற்ற தொழில்களை நசுக்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1959இல் கிடைத்த க்ரோனிங்கன் எரிவாயுவால் கில்டர் நாணயம் வலுத்து, மற்ற ஏற்றுமதிகள் விலை கூடிப் படுத்தன. 1982 வாஸனார் உடன்பாட்டில் தொழிற்சங்கங்கள் ஊதிய உயர்வைக் குறைத்துக்கொள்ள, வேலைநேரம் குறைந்தது. மீட்சி அங்கே தொடங்கியது. எரிவாயு எடுத்ததால் வந்த நிலநடுக்கங்களால் அந்த எரிவாயு வயலில் உற்பத்தி 2023 அக்டோபரில் நின்றது.

ரஹீம்: அப்படியானால் இப்போதைய தடை எது?

மின் இணைப்பும் நைட்ரஜனும். புதிய ஆலைக்குப் பணமும் ஆளும் இருந்தும், பல பகுதிகளில் மின்கட்டமைப்பில் இடமில்லாமல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சூரியத் தகடுகளும் மின்மயமாக்கலும் வேகமாகப் பெருகின. துணை மின்நிலையம் கட்டப் பல ஆண்டுகள் ஆகும். உச்ச நேரம் தவிர்த்து மின்சாரம் எடுக்கும் ஒப்பந்தம், மின்கலம், பக்கத்து நிறுவனங்களோடு கூட்டு ஒப்பந்தம் ஆகியவற்றால் ஓரளவு சமாளிக்கலாம். பண்ணை, கட்டுமானம், வாகனங்களிலிருந்து வெளியேறும் நைட்ரஜன் இயற்கைப் பகுதிகளைக் கெடுப்பதால் அதற்கு அனுமதி வேண்டும். 2019 மே 29 நீதிமன்றத் தீர்ப்பு பழைய அனுமதி முறையை ரத்து செய்தது; 2022 நவம்பரில் கட்டுமானத்துக்கான விலக்கும் போனது. சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் நிறுவனம் வெளிநாட்டில் விரிவடையலாம் என்ற பேச்சு எழுந்த பிறகு, அது இயங்கும் ஐந்தோவன் பகுதிக்கு 2024 மார்ச்சில் அரசு 250 கோடி யூரோ அறிவித்தது. அது வீடு, சாலை, மின்கட்டமைப்பு, தொழிற்கல்விக்கான பணம்.