பேக்கேஜ் கட்டும்போது டெஸ்ட் விழுந்தால்: டெபியன் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஒரு பைத்தான் லைப்ரரியை டெபியன் லினக்ஸுக்குப் பேக்கேஜ் செய்கிறேன். என் மடிக்கணினியில் எல்லா டெஸ்ட்டும் பாஸ். தனியான சுத்தச் சூழலில் பேக்கேஜைக் கட்டும் எஸ்பில்டில் போட்டால் நான்கு விழுகின்றன. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: விழுந்த டெஸ்ட்டின் நிரலைத் திறக்குமுன், உங்கள் கணினியில் இருந்து எஸ்பில்டில் இல்லாமல் போனது எது என்று பாருங்கள். பெரும்பாலும் இணையம், ஹோம் அடைவு, லொகேல் (மொழி, எழுத்து அமைப்பு), கட்டத் தேவையானவற்றைப் பட்டியலிடும் பில்ட்-டிபெண்ட்ஸில் எழுத மறந்த ஏதோ ஒரு பேக்கேஜ், இவற்றில் ஒன்றாக இருக்கும்.

டெபியனின் முதன்மைத் தொகுப்பான மெயின் பகுதிப் பேக்கேஜ் எதுவும் கட்டப்படும்போது இணையத்தைத் தொடக்கூடாது என்பது டெபியன் கொள்கை. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ‘அன்ஷேர் -ஆர் -என்’ என்றால் இணையமற்ற ஷெல் கிடைக்கும். அதில் கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக்கும் அணைந்தே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். முதலில் ‘ஐபி லிங்க் செட் லோ அப்’ கொடுக்காவிட்டால் 127.0.0.1-ஐ நம்பும் நல்ல டெஸ்ட்டுகளும் விழுந்து உங்களைத் திசைதிருப்பும்.

ஹோம் அடைவைப் பொறுத்தவரை, பேக்கேஜ் கட்டும் கருவித்தொகுப்பான டெப்ஹெல்ப்பரின் காம்பாட் நிலை 13-இல் தற்காலிகமாக ஒன்று உருவாக்கித் தரப்படுகிறது. 12-இலேயே நிற்கும் பேக்கேஜ் என்றால் 13-க்கு ஏற்றுவதே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. அதே லைப்ரரியின் வேறொரு பதிப்பு உங்கள் கணினியில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தால், டெஸ்ட் அதை இம்போர்ட் செய்து பாஸ் ஆகியிருக்கலாம். அப்படியானால் பொய் சொன்னது உங்கள் மடிக்கணினிதான்.

கேள்வி: கட்டும் படிகளைச் சொல்லும் ரூல்ஸ் கோப்பில், டெஸ்ட்டை ஓட்டும் ‘ஓவர்ரைடு_டிஹெச்_ஆட்டோ_டெஸ்ட்’ இலக்கைக் காலியாக விட்டுவிட்டால் வேலை முடிந்ததே? அதில் என்ன தவறு?

பதில்: நான்கு டெஸ்ட்டுக்காக நானூறையும் அணைக்கிறீர்கள் என்பதுதான் தவறு. அடுத்த மாதம் பைத்தானின் புதுப் பதிப்பு வந்து லைப்ரரி நிஜமாகவே உடையும்போது பில்ட் பச்சையாகவே இருக்கும்.

முழுவதும் அணைப்பதற்கும் நியாயமான இடங்கள் உண்டு. எல்லா டெஸ்ட்டும் வெளிச் சர்வரையோ குறிப்பிட்ட வன்பொருளையோ கேட்டால் வேறு வழியில்லை. அப்போதும் காரணத்தை ரூல்ஸில் ஒரு வரி கமெண்ட்டாக எழுதிவிடுங்கள்.

டெஸ்ட்டைத் தவிர்க்கச் சொல்லும் ‘நோசெக்’ வேறு விஷயம். அது பேக்கேஜைக் கட்டுகிறவருக்கான விருப்பம், பராமரிப்பவருக்கான ஒளிவிடம் அல்ல. ‘டெப்_பில்ட்_ஆப்ஷன்ஸ்’ மாறியில் நோசெக் கொடுத்தால் டெஸ்ட் ஓடாது. ஆனால் டெஸ்ட்டுக்கான சார்புகள் (அதற்குத் தேவையான பேக்கேஜுகள்) கேட்கப்படும். அவற்றையும் தவிர்க்க, சார்புகளைப் பட்டியலிடும் கன்ட்ரோல் கோப்பில் அந்தச் சார்புகளுக்கு நோசெக் குறியிட்டு, ‘டெப்_பில்ட்_ப்ரொஃபைல்ஸ்’ மாறியிலும் நோசெக் கொடுக்க வேண்டும். இரண்டு பேக்கேஜுகள் ஒன்றையொன்று கேட்கும் சுழல் சார்பை அவிழ்க்க இது கைகொடுக்கும்.

கேள்வி: சரி, ஒரே ஒரு டெஸ்ட்டை மட்டும் விலக்குவது எப்படி?

பதில்: பைத்தான் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட் என்றால் ‘பைபில்ட்_டெஸ்ட்_ஆர்க்ஸ்’ மாறியில் எழுதலாம். பலரும் எழுதுவது ‘-கே நாட் டெஸ்ட்_ரீட்’. இது பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலே போதும் என்று எடுத்துக்கொள்ளும். டெஸ்ட்_ரீட்லைன், டெஸ்ட்_ரீட்_ஆல் எல்லாம் சத்தமில்லாமல் சேர்ந்தே போய்விடும். ‘--டீசெலக்ட்’ கொடுத்து, கோப்பின் பெயரோடு டெஸ்ட்டின் முழு முகவரியையும் எழுதினால் மற்ற கோப்புகளில் உள்ளவை தப்பும். ஆனால் அதுவும் முகவரியின் தொடக்கம் பொருந்தினாலே விலக்கிவிடும் என்பதால், அதே கோப்பில் டெஸ்ட்_ரீட்லைன் இருந்தால் அதுவும் போகிறதா என்று லாகில் பாருங்கள். சிமேக் திட்டங்களின் டெஸ்ட்டுகளை ஓட்டும் சிடெஸ்ட்டின் ‘-ஈ’ விருப்பமும் இதே ரகம்தான். அது ரெகெக்ஸ் (எழுத்து வடிவப் பொருத்தம்) என்பதால் முன்னே கேரட்டும் பின்னே டாலர் குறியும் போட்டுப் பூட்டுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. பேட்ச் (மூல நிரலில் செய்யும் சிறு மாற்றம்) ஒன்றில் அந்த டெஸ்ட்டுக்கு, தோல்வி எதிர்பார்த்ததே என்று சொல்லும் ‘எக்ஸ்ஃபெயில்’ குறியிட்டு, ஸ்ட்ரிக்ட் என்பதை ட்ரூ ஆக்குவேன். மூல ஆசிரியர்கள் பிழையைத் திருத்தியதும் டெஸ்ட் பாஸ் ஆகும், ஸ்ட்ரிக்ட் அதைத் தோல்வியாகக் காட்டும், பேட்சை எடுக்க வேண்டும் என்று அதுவே நினைவூட்டிவிடும். பேட்சின் தலையில் பேட்ச் விவரங்களுக்கான டெப்-3 முறைப்படி விளக்கமும், மூலத் திட்டத்துக்கு அனுப்பியாயிற்றா என்பதைச் சொல்லும் ‘ஃபார்வர்டட்’ வரியும் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு டெஸ்ட் சில நேரம் விழுகிறது, சில நேரம் பாஸ். பத்து முறை ஓட்டினேன், பத்தும் பாஸ். சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இருபதுக்கு ஒரு முறை விழும் டெஸ்ட்டைப் பத்து முறை ஓட்டினால், பத்தும் பாஸ் ஆக ஏறத்தாழ 60% வாய்ப்பு இருக்கிறது. 60 முறை ஓட்டினால்தான் அந்த வாய்ப்பு 5%-க்குக் கீழே இறங்கும். மனக்கணக்காக வைத்துக்கொள்ள ஒன்று: 300 முறை ஓட்டி ஒன்றுகூட விழாவிட்டால், தோல்வி விகிதம் 1%-க்குள் என்று 95% நம்பிக்கையோடு சொல்லலாம்.

வெறுமனே ஓட்டாமல் நெருக்கடி கொடுத்து ஓட்டுங்கள். ‘டாஸ்க்செட் -சி 0’ கொடுத்து ஒரே கோரில் அடையுங்கள். பக்கத்தில் கணினிக்குச் சுமையேற்றும் ‘ஸ்ட்ரெஸ்-என்ஜி’யை ஓடவிடுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் ஓட்டும் ‘பேரலல்=1’ என்று கட்டிப் பாருங்கள். அதில் மட்டும் பாஸ் ஆனால், இரண்டு டெஸ்ட்டுகள் ஒரே போர்ட் எண்ணுக்கோ ஒரே தற்காலிகக் கோப்புக்கோ சண்டை போடுகின்றன என்று சந்தேகிக்கலாம். ஒரு கோரில் மட்டும் விழுந்தால் டைம்அவுட் பிரச்சினையாக இருக்கும். ஆசிரியரின் வேகமான கணினியில் இரண்டு நொடி தாராளம். மெதுவான பில்ட் இயந்திரத்தில் அது போதாது.

விழுந்தால் மறுபடி ஓட்டு என்று அமைப்பது கடைசிக் கட்ட ஒட்டுவேலை. நிரலிலேயே ரேஸ் (எது முதலில் நடக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறும் பிழை) இருந்தால் அதையும் அது மூடி மறைத்துவிடும்.

கேள்வி: வழக்கமான பிசியின் ஏஎம்டி64-இல் எல்லாம் சரி. எஸ்390எக்ஸ் (ஐபிஎம் மெயின்ஃபிரேம்), ஏஆர்எம்64 இரண்டிலும் விழுகிறது. அந்த வன்பொருள் என்னிடம் இல்லை.

பதில்: எந்தெந்த ஆர்க்கிடெக்சர்களில் (செயலி வகைகளில்) விழுகிறது என்ற பட்டியலே பாதித் துப்பு. எஸ்390எக்ஸில் மட்டும் என்றால் பைட் வரிசை. டெபியன் வெளியிடும் ஆர்க்கிடெக்சர்களில் இன்று பிக் எண்டியன் (எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைப்பது) அது ஒன்றுதான். ஏஆர்எம்எச்எஃப் போன்ற 32 பிட்டில் மட்டும் என்றால் எண்ணின் அளவு, நினைவக வரம்பு.

உங்களுடையதுபோல் இரண்டிலும் விழுந்தால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, சி மொழியின் ‘கேர்’ வகை. ஏஎம்டி64-இல் அது குறியுள்ளது, அதாவது எதிர்ம மதிப்பும் ஏற்கும். ஏஆர்எம், எஸ்390எக்ஸ், பிபிசி64ஈஎல் ஆகியவற்றில் குறியற்றது. எழுத்தைப் படிக்கும் கெட்கேர் தரும் மதிப்பைக் கேரில் வைத்து, கோப்பின் முடிவைக் குறிக்கும் ‘ஈஓஎஃப்’ உடன் ஒப்பிட்டால் அது ஒருபோதும் -1 ஆகாது, லூப் முடியாது, லாகில் டைம்அவுட் என்று மட்டும் தெரியும். ‘-எஃப்அன்சைன்டு-கேர்’ கொடுத்து உங்கள் கணினியிலேயே இதை வரவழைத்துப் பார்க்கலாம்.

மற்றொன்று தசம எண். பெருக்கி உடனே கூட்டுவதை அந்த ஆர்க்கிடெக்சர்களில் ஜிசிசி கம்பைலர் ஒரே கட்டளையாக இணைத்துவிடும். இடையில் ஒரு ரவுண்டிங் குறைவதால் கடைசி இலக்கங்கள் மாறும். ‘-எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்’ கொடுத்ததும் பாஸ் ஆனால் காரணம் இதுதான். அப்போது திருத்த வேண்டியது டெஸ்ட்டின் சகிப்பு எல்லையை.

வன்பொருளுக்கு, வேறு செயலியைப் பாவனை செய்யும் க்யூஈஎம்யூ உதவும். த்ரெட், பிட்ரேஸ் (ஒரு நிரலை மற்றொன்று கண்காணிப்பது) தொடர்பான டெஸ்ட்டுகளில் மட்டும் அதன் முடிவை நம்ப வேண்டாம். பல ஆர்க்கிடெக்சர்களில் சோதிக்க டெபியன் வைத்திருக்கும் போர்ட்டர்பாக்ஸ் இயந்திரங்களுக்கு, டெவலப்பராக இல்லாதவர்களும் விருந்தினர் அனுமதி கேட்கலாம்.

தரவே பிழையாக எழுதப்படுகிறது என்று தெரிந்தால் டெஸ்ட்டை விலக்காதீர்கள். அந்த ஆர்க்கிடெக்சருக்கான பைனரியை நீக்கச் சொல்லிக் கேட்பதே நேர்மை.

கேள்வி: போன வருடம் கட்டிய அதே சோர்ஸ். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. இப்போது விழுகிறது.

பதில்: டெஸ்ட் அடைவில் உள்ள டிஎல்எஸ் சான்றிதழின் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். ‘ஃபேக்டைம்’ மூலம் பழைய தேதியில் ஓட்டிப் பாஸ் ஆனால் முடிந்தது. இல்லையென்றால் சார்புகளில் ஏதோ மாறியிருக்கிறது. டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜில் உள்ள ‘டெப்பைசெக்ட்’டுக்கு நல்ல தேதி ஒன்று, கெட்ட தேதி ஒன்று கொடுங்கள். பழைய பதிப்புகளைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் காப்பகத்திலிருந்து எடுத்து, எந்தப் பேக்கேஜின் எந்தப் பதிப்பில் உடைந்தது என்று காட்டும்.

கேள்வி: நிறுவிய பேக்கேஜைச் சோதிக்கும் ஆட்டோபிகேஜிடெஸ்ட்டில் எல்லாம் பாஸ் என்று லாக் சொல்கிறது, முடிவு மட்டும் ஃபெயில்!

பதில்: பிழைச் செய்திகள் போகும் ஸ்டாண்டர்ட் எரரில் ஏதோ எச்சரிக்கை அச்சாகியிருக்கும். அதில் ஒரு வரி வந்தாலே தோல்விதான். எச்சரிக்கை என்னவென்று படித்துவிட்டு, தீங்கில்லை என்றால் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் வரியில் ‘அலவ்-எஸ்டிடிஇஆர்ஆர்’ சேருங்கள்.

கேள்வி: என் பேக்கேஜில் இதுவரை ஒரு டெஸ்ட்டும் விழுந்ததில்லை. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: லாகைத் திறந்து எத்தனை டெஸ்ட் ஓடியது என்று எண்ணுங்கள். பைத்தான் பேக்கேஜ் களஞ்சியமான பைபிஐ-யில் கிடைக்கும் சோர்ஸ் டார்பாலில் பல திட்டங்கள் டெஸ்ட் அடைவையே வைப்பதில்லை. ஒன்றும் ஓடாவிட்டால் பைடெஸ்ட் 5 என்ற வெளியேறு எண்ணைத் தரும். பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட் 3.12 பதிப்பிலிருந்துதான் அப்படிச் செய்கிறது. அதற்கு முன் பூஜ்ஜியம் டெஸ்ட்டும் வெற்றிதான். டார்பாலில் டெஸ்ட் அடைவு இல்லை என்றால், புதுப் பதிப்பை எங்கே தேடுவது என்று சொல்லும் வாட்ச் கோப்பை மூலத் திட்டத்தின் கிட் டேகுக்குத் திருப்புங்கள்.