மொத்தம் 41, ஆனாலும் ஃபெயில்: பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன செய்யலாம்?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் துறை விரிவுரையாளராக இருந்து ஓய்வுபெற்றவர்

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படித்தான். ரிசல்ட் வந்ததிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. கணக்கில் 52, வேதியியலில் 58. இயற்பியலில் மொத்தம் 41 என்று போட்டிருக்கிறது, ஆனால் ஃபெயில். 35 எடுத்தால் பாஸ்தானே? பத்தாம் வகுப்பில் 412 எடுத்த பையன் இவன். அவன் அப்பா டிராக்டர் மெக்கானிக். "படிச்சது போதும், பட்டறைக்கு வரட்டும்" என்கிறார். தெரிந்தவர் ஒருவர், துணைத் தேர்வில் பாஸ் ஆகிவிட்டால் ஒரு கல்லூரியில் பி.இ. சீட் வாங்கித் தருவதாகவும், முன்பணத்தை இப்போதே கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். நான் ரேஷன் கடையில் வேலை பார்க்கிறேன். நகையை அடகு வைத்தால் கட்டலாம். கட்டட்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருமங்கலம்

பதில்: சகோதரி, நகையை வைக்காதீர்கள். இன்னும் பாஸ் ஆகாத பிள்ளையின் பெயரில் சீட்டுக்கு முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். மகன் பாஸ் ஆனால் கலந்தாய்வு இருக்கிறது. ஆகாவிட்டால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது அந்த 41. இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. மொத்தத்தில் 35 வந்தால் மட்டும் போதாது, எழுத்துத் தேர்வில் தனியாக 15 எடுத்தாக வேண்டும். உங்கள் மகன் செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழு மதிப்பெண் வாங்கியிருந்தால் 30 போக மீதி 11. அதாவது அவன் நழுவவிட்டது நான்கே மதிப்பெண். மார்க் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். "மொத்தமா போச்சு" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, எவ்வளவு போனது என்று தெரிவதே பெரிய விஷயம்.

நான்கு மதிப்பெண் என்பதால் விடைத்தாள் நகலுக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். அவகாசம் சில நாள்தான் கொடுப்பார்கள், பள்ளியில் நாளைக்கே விசாரியுங்கள். நகல் வந்ததும் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்து, விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டலில் பிழையா, திருத்தாமல் விட்ட விடை ஏதும் உண்டா என்று அவர் பார்த்துச் சொல்வார். அதை வைத்து மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம்.

அதை நம்பிக்கொண்டு துணைத் தேர்வுக்குப் பணம் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கட்டும். மறுமதிப்பீட்டில் பாஸ் ஆனால் துணைத் தேர்வுக் கட்டணம்தான் வீண், அது பெரிய தொகை இல்லை. கட்டாமல் விட்டால் வீணாவது பல மாதம். செய்முறையை அவன் முடித்துவிட்டதால் எழுத வேண்டியது தியரி மட்டும்.

இனி பி.இ. விஷயம். கலந்தாய்வுக் கட்-ஆஃப் 200க்கு: கணக்கு முழுதாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாக 50, 50. உங்கள் மகன் துணைத் தேர்வில் இயற்பியலை 50 வரை கொண்டுவந்தால், 52, 25, 29 சேர்த்து 106. துணைத் தேர்வில் பாஸ் ஆனவர்களுக்கென்று தனியாகத் துணைக் கலந்தாய்வு உண்டு, அதில் ஏதோ ஓர் இடம் கிடைக்கவும் செய்யும். ஆனால் அந்த நேரத்தில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட இடங்கள். முதல் செமஸ்டரிலேயே கணக்கிலும் இயற்பியலிலும் அரியர் விழ ஆரம்பித்தால் நான்கு வருடம் ஆறு வருடமாகிவிடும். அப்படி வருந்திய பெற்றோர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த வழி எனக்குச் சம்மதமில்லை.

நான் சொல்வது பாலிடெக்னிக். என் பிழைப்பு அங்கே என்பதால் சொல்லவில்லை, கணக்குப் போட்டே சொல்கிறேன். கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்து பிளஸ் டூ பாஸ் ஆனவர்கள் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருடத்தில் டிப்ளமோ. அதை முடித்தவர்கள் பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், அது மூன்று வருடம். ஆக மொத்தம் ஐந்து. நேராக பி.இ. போகிறவனைவிட ஒரு வருடம் கூடுதல், ஆனால் கையில் இரண்டு சான்றிதழ். நடுவில் வீட்டுக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்த நேர்ந்தாலும் டிப்ளமோவை வைத்து வேலைக்குப் போகலாம். ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வை டிப்ளமோ முடித்தவர்கள் எழுதலாம்.

நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. கலந்தாய்வைப் பல ஆண்டுகளாக நடத்தி வருவது காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி. அங்கே பார்ப்பது டிப்ளமோ மதிப்பெண்ணை. பிளஸ் டூ இயற்பியலில் எத்தனை முறை எழுதிப் பாஸ் ஆனான் என்பது அங்கே கேள்வியே இல்லை. டிப்ளமோவில் நல்ல சதவீதம் வைத்திருக்கும் பிள்ளை கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.), திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி போன்ற இடங்களை எட்டிப்பிடிக்க முடியும். 106 கட்-ஆஃபை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நினைத்தும் பார்க்க முடியாது.

துணைத் தேர்வு முடிவு வருவதற்குள் பாலிடெக்னிக் சேர்க்கையின் முதல் சுற்று முடிந்துவிடலாம். காலியிடங்களை அதற்குப் பிறகும் நிரப்புவார்கள். மதுரை தமிழ்நாடு பாலிடெக்னிக் உங்களுக்குப் பக்கம், அரசு நிறுவனம், 1946இலிருந்து நடக்கிறது. முடிவு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே போய் விசாரித்து வையுங்கள். துணைத் தேர்விலும் சறுக்கினால் 412 மதிப்பெண் இருக்கவே இருக்கிறது, பத்தாம் வகுப்பை வைத்து முதலாம் ஆண்டில் சேர்க்கலாம். அப்போது மூன்றும் மூன்றும் ஆறு வருடம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். டிப்ளமோ படிப்பவர்களுக்கும் அது உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டிப்ளமோவிலிருந்து பி.இ. போகும் பிள்ளைகள் தடுமாறும் இடம் மூன்றாம் செமஸ்டர் கணக்கு. மற்றவர்கள் முதல் வருடத்தில் இரண்டு கணக்குத் தாள் முடித்துவிட்டு வந்திருப்பார்கள், இவர்களுக்கு அந்த அடித்தளம் இருக்காது. டிப்ளமோ முடிந்து கல்லூரி திறக்கும் வரை கிடைக்கும் விடுமுறையில் வகையிடலையும் தொகையிடலையும் அவன் உட்கார்ந்து போட்டாக வேண்டும். இதை நான் அனுப்பிய எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் தேறினார்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. அண்ணே, பட்டறைக்கு வரட்டும் என்று நீங்கள் சொல்வதைத் தண்டனையாகச் சொல்லாதீர்கள். எங்கள் ஃபிட்டிங் ஷாப்பில் முதல் வாரம் ஒரு இரும்புத் தகட்டை வைஸில் கட்டிக் கொடுத்து, அரத்தால் ராவி விளிம்பை நேராக்கச் சொல்வோம். ராவிவிட்டு, செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் இன்னும் ராவ வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியலில் ஃபெயிலாகி வந்த ஒரு பையன், வெளிச்சம் முழுதாக அடைபடும்வரை மதியச் சாப்பாட்டுக்கும் போகாமல் நின்று ராவியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மேடம், இப்ப பாருங்க" என்று அவன் நீட்டிய தகட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசித்து எழுதும் இயற்பியல் வராத பிள்ளைக்குக் கையால் செய்யும் இயற்பியல் வரலாம். துணைத் தேர்வு முடிந்த பிறகு உங்கள் மகனையும் பட்டறையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கியர் பாக்ஸைப் பிரித்துக் காட்டுங்கள். பிடித்தால் மெக்கானிக்கலோ ஆட்டோமொபைலோ எடுக்கட்டும். பிடிக்காவிட்டால் கம்ப்யூட்டர் டிப்ளமோ இருக்கிறது. எதை எடுப்பது என்பதை அவனிடமே கேளுங்கள்.

அவன் சாப்பிடாமல் இருப்பதைச் சாதாரணமாக விடாதீர்கள், சகோதரி. இரவில் தனியாகப் படுக்க விடாதீர்கள். 104 எண்ணிலோ 14416 எண்ணிலோ மனநல ஆலோசகர்கள் பேசுவார்கள், காசு கிடையாது. அவன் பேச மறுத்தால் முதலில் நீங்கள் பேசுங்கள்.

கேள்வி: 2022இல் பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலும் பொருளியலும் ஃபெயில். மறுபடி எழுதவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பிளஸ் டூ இல்லாமலே ஒரு ஆயத்தத் தேர்வு எழுதிவிட்டு நேராக டிகிரி சேரலாம் என்று ஒருவர் சொல்கிறார். டிகிரி முடித்து குரூப் 2 எழுத ஆசை. சேரலாமா அக்கா?

- வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம் தங்கச்சி. தெரிந்துகொள்வதற்காகப் படிப்பதென்றால் எப்படியும் படிக்கலாம், நீ கேட்பது அரசு வேலைக்கு. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முறையாக முடிக்காமல் திறந்தநிலையில் வாங்கும் பட்டம் தமிழக அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009 ஆகஸ்டிலேயே அரசாணை வந்துவிட்டது, எண் 107. இது தெரியாமல் மூன்று வருடம் படித்து, தேர்வும் எழுதி, சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். உன்னிடம் சொன்னவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

உனக்குப் பாக்கி இரண்டே தாள். தனித்தேர்வராக எழுது. அறிவிப்பு வந்ததும் அரசுத் தேர்வுத் துறையின் சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்து வை. கணக்குப்பதிவியல் கை பழகினால்தான் வரும், ஷிப்ட் முடிந்து வந்து தினமும் ஒரு கணக்காவது போடு. பாஸ் ஆன பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பாரதியார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியிலோ பட்டம் படி, அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர். நடுவில் குரூப் 4 எழுதலாம், அதற்குப் பத்தாம் வகுப்பு போதும்.

கேள்வி: பிளஸ் டூவில் 600க்கு 318. தமிழில் மட்டும் 93. அரசுக் கல்லூரியில் இந்த மார்க்குக்கு இடமே கிடைக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பி.ஏ. தமிழ் படிக்க வேண்டும்.

- மாணவர், அரியலூர் மாவட்டம்

பதில்: எல்லோரும் 318ஐப் பார்க்கிறார்கள் தம்பி. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பி.ஏ. தமிழுக்குத் தரவரிசை போடுவது தமிழ்ப் பாட மதிப்பெண்ணை வைத்து. ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண். மற்ற பாடப்பிரிவுகளுக்குத்தான் நான்கு பாடங்களின் மொத்தம், 400க்கு. ஆகவே உன்னுடைய எண் 93. ஆன்லைன் விண்ணப்பத்தில் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றோடு நிறுத்தாமல் அரியலூர், திருச்சி, கும்பகோணம் என்று சேர்த்துக் கொடு, விருப்ப வரிசையில் தமிழை முதலில் போடு. சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வைத்துக்கொள்.